கோர் ஃபைலுக்குள் ஒரு 'வாரேன்'

போன வாரம் உங்கள் வகுப்பிலிருந்து நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெண் கேட்டார்: "சார், நீங்க பாத்ததுலயே கஷ்டமான பக் எது?" ஏதோ ஒரு நிரல் பிழையைச் சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். கஷ்டமானவை எத்தனையோ. எல்லாம் மறந்தும் போயிற்று. வேலையில் நான் பயந்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் பட்டப்பகலில். கேட்க வேண்டியது அதைத்தான். கேட்டிருந்தாலும் அன்று சொல்லியிருக்க மாட்டேன், என் மனைவி பக்கத்தில் இருந்தாள். பேய்க்கதை என்றால் எழுந்து போய்விடுவாள்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மதுரை கே.கே. நகரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே பல் டாக்டர். அவர் பல்லைக் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் நிரல் எழுதினோம். பஞ்சாலை இயந்திரங்களைக் கணினியால் இயக்கும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. நான் மூத்தவன், கார்த்தி இளையவன், மேலே முதலாளி. இன்னொருவனும் இருந்தான். அவன் பெயரை எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை, நண்பன் என்றே சொல்கிறேன்.

வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன், நிரலில் மதுரைத் தமிழ் எழுதுவான். நிரலின் சின்னச் சின்னப் பகுதிகளுக்கு, அதாவது ஃபங்ஷன்களுக்கு, அவன் வைக்கும் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய நம் ஊர்ப் பேச்சாக இருக்கும். நில்லு, ஓடு, கொஞ்சம்_பொறு, கைய_பாரு. "இங்கிலீஷ்ல பேரு வச்சா எவனோ எழுதுன மாதிரி இருக்குண்ணே. இப்படி வச்சாத்தான் அது நம்ம பேச்சக் கேக்கும்" என்பான். அந்தப் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். பிறகு ரிங் ரோட்டில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது. அவன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பழைய மோடம் பெட்டிகளை அதன் மேல் அடுக்கி வைத்தோம்.

அடுத்த வருடம் அழகர்கோவில் போகிற வழியில் இருந்த ஒரு நூற்பாலையிலிருந்து சிடி ஒன்று வந்தது. அதில் ஒரு கோர் ஃபைல்.

கோர் என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். என் பாணியில் சொல்கிறேன். ஒரு புரோகிராம் திடீரென்று செத்து விழும்போது, அந்த நொடியில் அதன் நினைவில் என்ன இருந்ததோ அதைக் கணினி அப்படியே ஒரு ஃபைலில் எடுத்து வைக்கும். போஸ்ட்மார்ட்டத்துக்கு வந்த உடல்தான் அது. அறுத்துப் பார்க்கும் கத்தி டீபக்கர். ஒரு புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு திரெட், அதாவது ஒரு நூல். சாகும்போது எந்தத் திரெட் எந்த ஃபங்ஷனில் நின்றது, அந்த ஃபங்ஷனை அழைத்தது எது, அதையும் அழைத்தது எது என்று டீபக்கர் வரிசையாகச் சொல்லும். அதுதான் பேக்டிரேஸ். நூற்பாலையில் திரெட்டைத் தேடுகிறோம் என்று கார்த்தி முதலில் ஜோக் அடித்தான். அன்று மத்தியானத்துக்குப் பிறகு அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

ஆலையில் நடந்தது இதுதான். பஞ்சுப் பொதியைப் பிரித்து உள்ளே இழுக்கும் இயந்திரம் அது. உருளைகளுக்கு நடுவே பஞ்சு அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுக்க வேண்டும். இயந்திரத்தின் வாயில் ஒரு ஒளிக்கதிர் ஓடும். கை அதை மறைத்தவுடன் எங்கள் புரோகிராமில் இருக்கும் காவல் திரெட் மோட்டாரைப் பிடித்து நிறுத்தி வைக்கும். முறைப்படி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கையை விட வேண்டும். "கைய விட்டாத் தன்னால நிக்குது, அப்புறம் என்னத்துக்கு?" என்று யாரும் இறக்குவதில்லை. மலைச்சாமி என்ற தொழிலாளியும் அப்படித்தான் கையை விட்டிருந்தான். கை உள்ளே இருக்கும்போதே உருளை ஓடிவிட்டது. இரண்டு விரல்கள் போயின. அடுத்த கணம் புரோகிராம் செத்து இயந்திரம் நின்றதால் மிச்சக் கை தப்பியது. வலியில் மயங்கி விழுந்தவனுக்கு என்ன நடந்தது என்று நினைவில்லை.

ஸ்டார்ட் பட்டனை அமுக்காமல் நின்ற உருளை ஓடாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்; அந்தப் பட்டன் மேலே கண்ணாடி அறையில் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் பாண்டீஸ்வரி, மலைச்சாமியின் கூடப்பிறந்த அக்கா. அவர் குடும்பத்தில் எல்லோரும் பிறர் வயலில் கூலிக்குப் போனவர்கள். டிப்ளமோ முடித்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான். தம்பியை ஆலையில் சேர்த்துவிட்டவரும் அவரே. பட்டனை அமுக்கியது யார் என்று கேட்டால், அமுக்க வேறு ஆள் அங்கே இல்லை. அமுக்கியதைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு எங்கள் புரோகிராமில் அப்போது இல்லை. மேனேஜர் தினமும் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். சிடி வந்த அன்றே மாலைக்குள் எங்கள் அறிக்கை வர வேண்டும், வராவிட்டால் அமுக்கியது தான்தான் என்று அந்தப் பெண்ணிடமே எழுதி வாங்கிக்கொண்டு போலீசுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

கோரைத் திறந்தோம். திரெட்டுகளைப் பிரித்துக் காட்டத் தெரியாமல் டீபக்கர் திணறியது. எது பட்டன் திரெட், எது காவல் திரெட் என்றே புலப்படவில்லை. செத்துப்போன திரெட்டில் ஒரே ஒரு பெயர் தெரிந்தது. அதற்குக் கீழே வரிக்கு வரி கேள்விக்குறி.

தெரிந்த அந்த ஒரு பெயர்: வாரேன்.

"என் ஃபங்ஷன்தாண்ணே" என்றான் கார்த்தி. குரலில் பாதி பெருமை, பாதி பயம். பட்டன் திரெட்டை எழுதியது அவன். ஸ்டார்ட் அமுக்கியவுடன் கட்டளை உள்ளே வருகிற இடத்துக்கு அவன் வைத்த பெயர் அது.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "வாரேன்னா என்னய்யா? ஸ்டார்ட் வருதுன்னு அர்த்தம். அந்தப் பொண்ணு அமுக்கியிருக்கு. எழுதி அனுப்பு."

"கீழ பூராம் கேள்விக்குறியா இருக்கு சார்."

"மேல இருக்கறது தமிழ்லதான இருக்கு? வாசிக்கத் தெரியாதா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். கோருக்குள் பெயர் எதுவும் கிடையாது. வெறும் எண்கள்தான் கிடக்கும். புரோகிராம் ஓடிய கணினியில் என்னென்ன லைப்ரரிகள், அதாவது அது துணைக்கு வைத்துக்கொள்ளும் பொது நிரல் தொகுப்புகள், இருந்தனவோ, அதே லைப்ரரிகளைப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த எண்கள் எந்த ஃபங்ஷன் வழியாக வந்தன என்று டீபக்கருக்குத் தெரியும். ஆலையில் இருந்தது பழைய லினக்ஸ், எங்கள் மேசையில் இருந்தது புதியது. ஆள் மாறிப்போன எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு இவன் எலும்பு எது என்று தேடினோம். டீபக்கராவது தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டது. எங்கள் முதலாளிக்கு அந்த நாகரிகம்கூட இல்லை. அவசரப்படுத்துகிறவர் ஒரு பதிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார். அந்த நேரத்தில் உங்கள் கையெழுத்து மட்டுமே உங்கள் வசம் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆலைக் கணினியின் லைப்ரரிகள் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னையும், என்னை வேலைக்கு எடுத்த நேரத்தையும் சேர்த்துத் திட்டினார். கார்த்தி பைக்கை எடுத்துக்கொண்டு போய், ஃபிளாப்பிகளில் துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்தான். வெயில் உச்சிக்கு வந்த நேரம் கரண்ட் போயிற்று. கீழே பல் டாக்டரின் சத்தமும் நின்றது. யூபிஎஸ் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. பேட்டரி தீர்வதற்குள் பார்த்துவிடுவோம் என்று லைப்ரரிகளை இடம் பார்த்து வைத்து மறுபடி கோரைத் திறந்தேன்.

திரெட்டுகள் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. கேள்விக்குறிகள் போய்விட்டன. செத்த திரெட்டின் பேக்டிரேஸைக் கீழிருந்து மேலாக வாசித்தோம். கீழேதான் முதலில் நடந்தது இருக்கும்.

கைய_பாரு.
யாரும்_இல்ல.
வாரேன்.

யூபிஎஸ் கத்தியது. வெயிலுக்கு ஜன்னலை அடைத்து இருட்டிய அறையில் அந்தத் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அந்த மூன்று வரிகளையும் நான் கண்ணால் வாசிக்கவில்லை. காதில் கேட்டேன், அவன் குரலில்.

"அண்ணே..." என்றான் கார்த்தி. "அந்த அண்ணன் பேசுற மாதிரியே இருக்குண்ணே."

"பேக்டிரேஸ்டா மாப்ள. பேசாம உக்காரு" என்று அதட்டினேன். கைய_பாருவும் யாரும்_இல்லயும் என் நண்பன் எழுதியவை, காவல் திரெட்டின் பகுதிகள். அவற்றை எழுதியவன் செத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அவன் கையைப் பார்க்கிறான், யாரும் இல்லை என்கிறான், வாரேன் என்கிறான். எங்கே வருகிறான்? கார்த்தி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தபடி, மோடம் பெட்டிகள் அடுக்கிய நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தான். அவன் பார்த்ததால் நானும் பார்த்தேன். பெட்டிகள் பெட்டிகளாகவே இருந்தன.

பயத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் கணக்கு இடித்தது. காவல் திரெட் எதற்காகக் கார்த்தியின் வாரேனை அழைக்க வேண்டும்? கையைக் காவல் காக்கிறவன் எதற்கு ஸ்டார்ட் பட்டனைத் தொட வேண்டும்? பட்டனுக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது. கோர் கெட்டுப்போயிருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்தது. பாண்டீஸ்வரி, தனியாக வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். முதலாளி சாப்பிடப் போயிருந்தது நல்லதாயிற்று. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அதுல எல்லாம் இருக்குமாமே சார்? நான் அமுக்குனேனா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"மொதல்ல இல்லன்னுதான் சொன்னேன். மேனேஜர் சார் தெனமும் கேக்குறாரு. நல்லா யோசி, நல்லா யோசிங்குறாரு. யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே தெரியல சார். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன், வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிட்டேன். எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவன் முன்னால நிக்கிறது?"

இன்னும் முடியவில்லை, மாலைக்குள் சொல்கிறேன், அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றேன். தலையசைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி சார், வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். வாரேன் என்று சொல்லிவிட்டு ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். நம் ஊரில் யார்தான் போறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறோம்? அபசகுனம் என்று சின்னப் பிள்ளையிலேயே வாயை அடைத்து வளர்த்திருக்கிறார்கள். சாவு வீட்டில்கூடச் சொல்லாமல் கிளம்புவோமே தவிர, போறேன் என்று சொல்ல மாட்டோம். என் நண்பன் கடைசியாக இந்தப் படியில் இறங்கும்போதும் "வாரேண்ணே" என்றுதான் சொன்னான்.

உள்ளே ஓடி, நிரல் முழுவதிலும் அந்தப் பெயரைத் தேடினேன். இரண்டு வாரேன்கள் இருந்தன. ஒன்று கார்த்தியின் ஃபைலில், கட்டளை உள்ளே வருகிற இடம். இன்னொன்று நண்பனின் ஃபைலில், காவல் திரெட் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறுகிற இடம். தனித்தனி ஃபைல்களுக்குள் அடங்கிய பெயர்கள் என்பதால் இரண்டும் மோதிக்கொள்ளாமல் இத்தனை நாள் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன. ஒருவன் வருவதற்கு வாரேன் என்று பெயர் வைத்தான், ஒருவன் போவதற்கு வைத்தான். இரண்டுமே சரியான தமிழ். வேறு ஊர்க்காரன் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. கோரில் இருந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தோம். அது நண்பனின் வாரேன்தான்.

ஆக, வந்தது யாரும் இல்லை. காவலுக்கு இருந்தவன் போயிருக்கிறான்.

எதற்காகப் போனான்? அவன் நிரலை வரிவரியாகப் படித்தோம். ஒளிக்கண்ணில் பஞ்சுத் துகள் ஒட்டினால்கூடக் கை என்று நினைத்து இயந்திரம் அடிக்கடி நின்றிருக்கிறது. உற்பத்தி கெடுகிறது என்று ஆலையில் சத்தம் போட்டிருக்கிறார்கள். அதற்கு அவன் ஒரு வழி செய்திருந்தான். மறைக்கும் பொருள் கொஞ்ச நேரம் அசையாமலே இருந்தால் அது பஞ்சு, யாரும் இல்லை. காவலை எடுத்துவிடலாம். மலைச்சாமி அடைத்திருந்த பஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அது வரவில்லை. கையைத் தம் கட்டி அசையாமல் வைத்திருந்திருக்கிறான். காவல் திரெட் பார்த்தது, யாரும் இல்லை என்று முடிவு செய்தது, சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டது; பிடி விட்டதும் மோட்டார் தன்னால் ஓடிவிட்டது. போகிற போக்கில் மற்ற திரெட்டுகளும் பயன்படுத்திய நினைவை விடுவித்துவிட்டு, தானே அதை மறுபடி தொட்டது. அதனால்தான் புரோகிராமும் செத்தது. விரலை எடுத்ததும் என் நண்பனின் பிழை, கையைக் காப்பாற்றியதும் அவன் பிழை. இதை அவனிடம் சொல்லித் திட்டவும் முடியவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி திரும்பி வந்து, நாங்கள் கண்டுபிடித்ததைக் கேட்டுவிட்டுத் தன் நாற்காலியில் சாய்ந்தார். "செத்தவன் மேல பழியப் போடுறியா?"

"உசுரோட இருக்கவ மேல போடுறத விட இது மேல் சார்."

அவர் மேசையில் இருந்த பேனாவை என் பக்கம் தள்ளினார். பிறகு, "நான் சைன் பண்ண மாட்டேன். நீ பண்ணி எடுத்துட்டுப் போ" என்றார். அந்த மனிதரிடமிருந்து அதுவே பெரிய காரியம்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனபோது வெயில் இறங்கியிருந்தது. பாண்டீஸ்வரி மேனேஜர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் இரண்டு வரி படித்துவிட்டு, "கம்ப்யூட்டர் கதையெல்லாம் எனக்கு வேணாம்" என்று நீட்டினார். இயந்திரத்திடம் வாருங்கள் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். மோட்டாருக்குப் போகும் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கணினியில் புரோகிராமை மட்டும் ஓடவிட்டு, உருளைகளுக்கு நடுவே என் கையை விட்டேன்.

இயந்திரத்தின் வாயில் சிவப்பு விளக்கு எரிந்தது. கை இருக்கிறது என்று அர்த்தம். நான் அசையவில்லை. கூடத்தில் வேறு எந்த இயந்திரமும் ஓடவில்லை. உருளையின் இரும்புப் பற்கள் என் மணிக்கட்டில் குளிர்ந்தன. என்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நினைத்த நேரத்தில் அது அணைந்தது.

என் கை அங்கேயேதான் இருந்தது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, யாரும் இல்லை என்று அந்த இயந்திரம் முடிவு செய்துவிட்டது. ஃபியூஸ் என் பையில் இருக்கிறது என்று தெரிந்தும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மேனேஜர் அறிக்கையை மறுபடி வாங்கி, மடித்து வைத்துக்கொண்டார். "சரி. அந்தப் பொண்ணு வேலைக்கு வரட்டும்" என்றார். புது நிரல் வருகிற வரை அந்த இயந்திரத்தை ஓட்டவில்லை.

பாண்டீஸ்வரி கூடத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "நீங்க அமுக்கலம்மா. பட்டன் பக்கமே எதுவும் நடக்கல. தைரியமாப் போயித் தம்பியப் பாருங்க."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நெசமாவா சார்?"

"நெசமா. இப்ப நீங்களே பாத்தீங்கள்ல?"

"பாத்தேன் சார். ஆனா மத்தியானம் உங்களப் பாத்துட்டு பஸ்ல வரும்போது எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. அந்தப் பச்சப் பட்டன் சூடா இருந்துச்சு. அமுக்கும்போது டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. கீழ அவன் குனிஞ்சு நிக்கிறது கண்ணாடி வழியாத் தெரிஞ்சுச்சு. இம்புட்டும் தெளிவா இருக்கு சார். நான் அமுக்கலைன்னா, இது யாரோட ஞாபகம்?"

அறிக்கையில் எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் என்னிடம் ஆதாரம் இருந்தது. அந்த ஞாபகம் மேனேஜரின் 'நல்லா யோசி'யில் முளைத்தது என்பதற்கு மட்டும் இல்லை. அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போனேன். வார்டு வாசல் வந்ததும் உள்ளே போகாமல் என்னைப் பார்த்து, "அவன்ட்ட நான் என்னன்னு சொல்லட்டும் சார்?" என்று கேட்டார்.